இரண்டாவது குழி

முதல் குழியைத் தோண்டி, அடியில் விறகு அடுக்கி, அதன்மேல் கற்களைப் பரப்பித் தீயும் வைத்தாகிவிட்டது. நாலிமு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி வந்து நின்றான். இரண்டாவது குழிக்கான இடம் அது. கை தானாகவே மண்வெட்டியைத் தூக்கியது. ஒரு வெட்டு விழுந்தது, இன்னொரு வெட்டும் விழுந்தது, ஈரமண் கட்டியாகப் பெயர்ந்து வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் குழி இனி எதற்கு என்ற நினைப்பு வந்து கை நின்றது. நின்ற கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. கம்பெனிக் கோட்டையின் மரச்சுவருக்கு மேலே புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் ஆறு கடலோடு சேருமிடத்தில், காலையில் வந்த கப்பல் பாய்களைச் சுருட்டிக்கொண்டு நின்றது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் தூறல் விழாத நாளைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ஹவாய்த் தீவை விட்டு, பீவர் என்கிற ஆற்றுப் பிராணியின் தோலைக் கம்பெனி வாங்குகிற இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் இப்படித்தான் இரண்டு குழி தோண்டுகிறான். அவர்கள் தீவில் சமையல் ஆண்பிள்ளை வேலை, அதுவும் குழிக்குள் சுட்ட கல்லில் வைத்து வேகவைக்கிற சமையல். ஆணுக்கு ஒரு குழி, பெண்ணுக்கு ஒரு குழி. இதில் சுட்ட கல் அதில் படக்கூடாது, இதில் வெந்த இலை அதில் விழக்கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்னக்கூடாது. பன்றியும் வாழைப்பழமும் தேங்காயும் பெண்ணின் வாயில் படவே கூடாது. மீறினால் சாமி விடாது, சாமி விட்டாலும் ராஜாவின் ஆட்கள் விடமாட்டார்கள். விலக்கு என்றால் விலக்கு. காரணம் கேட்டவர்களை அவன் பார்த்ததில்லை. அவனும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததைத்தான் தன் யோக்கியதை என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்குக் காலையில் ஒரு பயல் வந்து, தின்றுகொண்டே அதைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பயல் பெயர் கைலிமாய். கப்பலில் புதிதாக வந்தவன், தீவுக்காரன், இன்னும் தீவு வெயில் உடம்பில் ஒட்டியிருந்தது. மூட்டை இறக்கப் போனபோது படகுத்துறையில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, இந்த ஊர்ப் பெண்ணொருத்தியோடு ஒரே சட்டியில் கைவிட்டு உப்புப் பன்றி தின்றுகொண்டிருந்தான். நாலிமுவுக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. "டேய், கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? யாரோட உக்காந்து என்னத்தத் தின்னுற?" என்று கத்தினான். கைலிமாய் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "அண்ணே, உனக்குச் சேதியே வரலையா?" என்று கேட்டான். அவன் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஏதோ சந்தைச் செய்தி சொல்வதுபோலச் சொன்னான். "பழைய ராஜா போய்ச் சேர்ந்துட்டாரு. புது ராஜா பெரிய விருந்து வச்சாரு. ஆம்பளைக்கு ஒரு பந்தி, பொம்பளைக்கு ஒரு பந்தி, எல்லாம் மொறப்படிதான். ராஜா உக்காரல. ரெண்டு பந்தியையும் சுத்திச் சுத்தி வராரு, என்னமோ தொலைச்சவரு மாதிரி. திடீர்னு போய் ராணிங்க பந்தியில உக்காந்து அள்ளித் தின்ன ஆரம்பிச்சுட்டாரு. நாங்கல்லாம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்." "அப்புறம்?" என்று கேட்டது தன் குரல்தானா என்று நாலிமுவுக்குச் சந்தேகமாக இருந்தது. "அப்புறம் என்ன? இன்னும் கொஞ்சம் வாங்கித் தின்னாரு." துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "விலக்கெல்லாம் எடுத்தாச்சு அண்ணே. கோயில்ல இருந்த சாமியெல்லாம் விறகாப் போச்சு. பழைய மரம், நல்லா நின்னு எரிஞ்சது." "யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?" "ஆச்சே. எங்க சித்திக்கு வயித்துப்போக்கு. ஒரு தாரு வாழைப்பழத்த ஒரே நாள்ல தின்னா வேற என்ன ஆகும்?" மறுபடியும் சிரிப்பு. நாலிமுவோடு பல வருஷமாக இங்கேயே கிடக்கிற தீவுக்காரன் பாவோவா, முதுகில் மூட்டையோடு நின்றபடி, "தம்பி, கொஞ்சம் பார்த்துப் பேசு. அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் இங்க பூசாரி. இன்னும் ரெண்டு குழி தோண்டுறவரு இந்த ஆத்தங்கரையில இவரு ஒருத்தர்தான்" என்றான். கைலிமாய் நம்பாமல் பார்த்தான். "நெசமாவா அண்ணே? பொண்டாட்டியும் இந்த ஊருக்காரிதானே? அவளுக்குமா?" அந்த ‘அவளுக்குமா’ தான் இன்னும் போகவில்லை. மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தபோதும், கோட்டைக்கும் துறைக்கும் நடந்தபோதும், கப்பல் வந்த சந்தோஷத்தில் கோட்டையில் பன்றி அடித்து அதில் ஒரு முன்னங்காலைப் பன்றிக்காவல்காரன் என்று அவன் கையில் கொடுத்தபோதும், அவளுக்குமா, அவளுக்குமா என்று நடைக்கு நடை கூடவே வந்தது.

விறகு அடங்கி, கற்கள் விளிம்பில் வெளுக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் சுட வேண்டும். கற்களைப் பார்த்தால் பயமில்லை, எல்லாம் மலையிலிருந்து சுமந்து வந்தவை. வந்த புதிதில் தெரியாமல் ஆற்றுக் கல்லைப் போட்டுவிட்டான். தீவில் கல்லெல்லாம் எரிமலை கக்கியது, ஊசித்துளை விழுந்தது, எவ்வளவு சுட்டாலும் சும்மா கிடக்கும். இங்கே ஆற்றுக் கல் பார்க்க வழவழவென்று நல்ல பிள்ளைபோல இருந்துவிட்டுத் தீக்குள் போனதும் வெடித்தது. ஒரு சில்லு பறந்து வந்து அவன் புருவத்தைக் கிழித்தது. அப்போது வாகேலாவைக் கல்யாணம் செய்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. இரத்தத்தைத் துடைக்கத் துணியோடு ஓடி வந்தவளைப் பார்த்து, "நீ என் குழியத் தாண்டினியா?" என்றுதான் கேட்டான். வலியைவிட முன்னால் அந்தக் கேள்வி வந்தது. அவள் தாண்டவில்லை என்றாள். அவன் நம்பவில்லை. கல்லுக்குள் தண்ணீர் ஊறியிருந்தால் வெடிக்கும் என்று கோட்டைக் கொல்லன் பிறகு சொன்னான், அது புரிந்தது, அதற்கப்புறம் ஆற்றுக் கல்லைத் தொடவில்லை. ஆனால் உன்னால் இல்லை, கல்லால்தான் என்று வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னானா? சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றவும் இல்லை. இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் அது சொல்லாமல் விட்டது என்றே தெரிகிறது. புருவத்தில் தழும்பைத் தொட்டுப் பார்த்தான். மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி இமையில் நின்றது. கண். தீவில் அவன் ஊரில் மாலியே என்றொரு பெண் இருந்தாள், அவன் வயதுதான், கடலில் ஒன்றாக விழுந்து எழுந்தவர்கள். ஒரு நாள் வாழைப்பழம் தின்றுவிட்டாள். சின்னப் பிள்ளை, பசி, மரத்தடியில் பழுத்து விழுந்து கிடந்தது. தலைவன் ஆட்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது ஒரு கண்தான் இருந்தது. உயிரையாவது விட்டுவைத்தார்களே என்று அவள் அப்பா ஊரெல்லாம் கும்பிட்டுக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவள் கடலுக்கு வரவில்லை. நாலிமு வாழைப்பழம் தின்னும்போதெல்லாம் அவளை நினைத்தான். பாவம் என்று நினைத்ததாகத்தான் இவ்வளவு காலமும் ஞாபகம். இப்போது தீ முன்னால் நின்று பார்த்தால் அந்த ஞாபகத்துக்கு அடியில் வேறொன்று கிடக்கிறது. பழம் அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக இனித்தது. அவளுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைக்கிறதே என்று ஒரு சின்னப் பெருமை, ஆண்பிள்ளையாய்ப் பிறந்த பெருமை, நாக்கின் நுனியில் இருந்தது. ராஜா பந்தியில் உட்கார்ந்து தின்றபோது மாலியே உயிரோடு இருந்தாளா? யாராவது அவள் கையில் ஒரு பழம் கொடுத்திருப்பார்களா? கொடுத்தால் வாங்கியிருப்பாளா? கைலிமாயிடம் கேட்டிருக்கலாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

கற்களைக் கம்பால் சமப்படுத்தி, ஈரப் பெரணித் தழையைப் பரப்பினான். ஆவி மூஞ்சியில் அடித்தது. அதன்மேல் இறைச்சியை வைத்து, மறுபடி பெரணி, பழைய பாய், மண். கையிரண்டும் தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்தன. தலை மட்டும் தனியாக எங்கோ திரிந்தது. தீவில் இந்த இடத்தில் வாழையிலை வரும். பக்கத்தில் சேப்பங்கிழங்கைக் கல்லில் இடித்துக் களியாகப் பிசைகிற சத்தம் வரும். இங்கே சேம்பு ஏது? சதுப்பில் ஒரு கிழங்கு உண்டு. இந்த ஊர்ப் பெண்கள் இடுப்புத் தண்ணீரில் இறங்கிச் சேற்றுக்குள் கால்விரலால் துழாவித் துழாவி அதைக் கழற்றிவிடுவார்கள், கிழங்கு தானே மேலே மிதந்து வரும். வாகேலா இப்போது அதற்குத்தான் போயிருக்கிறாள். இந்தக் குளிரில். கால் நீலம் பாரித்துப்போய்த்தான் வருவாள். தீவுக் களி தின்ன ஏங்குகிறான் என்று தெரிந்துகொண்டு அந்தக் கிழங்கை வேகவைத்து இடித்துப் பிசைந்து முதல் முதலில் கொண்டுவந்து வைத்தவள் அவள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவன் கையால் காட்டியதைப் பார்த்துச் செய்தாள். சாம்பல் நிறத்தில், கொஞ்சம் கசப்பாக, ஆனாலும் களிதான். வைத்துவிட்டு, இந்த ஊர் வழக்கப்படி அவளும் எதிரில் உட்கார்ந்து, அதே சட்டியில் கையை விட்டாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அடிக்க வேண்டுமென்று நினைக்கவில்லை, பாம்பைக் கண்டதும் கை பதறுமே அதுபோல. சட்டி உருண்டது, களி தரையில் கொட்டியது. அப்புறம் சைகையாலும், ஆற்றங்கரையில் எல்லாரும் பேசும் கலப்படப் பேச்சாலும் அவளுக்கு விளக்கினான். நீ வெளியே, நான் உள்ளே. அவள் அவனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தன் பங்கை எடுத்துக்கொண்டு போய் மழையில் நின்றபடியே தின்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகப்போக அவளே தேவதாரு மரத்துப் பட்டையை உரித்து வந்து, சுவரோரம் சாய்த்து, இரண்டு கழி நட்டு, ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு ஒதுங்கல் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கேதான் இருக்கிறது, பாசி பிடித்து, ஒரு பக்கம் தொங்கிப்போய். அதற்கு நேர் எதிரில் சரிவில் பன்றிக்கொட்டில். தொங்காத கூரை, இரண்டடுக்குப் பலகை, மழை ஒரு சொட்டு உள்ளே இறங்காது. கம்பெனியின் பெரிய துரையே வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். அந்தக் கூரையைப் போட்டது நாலிமு. பன்றி நனைந்தால் இருமல் வருமென்று, கை காய்த்துப்போக அறுத்து, ஒவ்வொரு பலகையாக இழைத்துப் போட்டான். வேலை செய்த அந்த நாட்களில் மத்தியானம் உள்ளே போய்த் தின்றுவிட்டு வரும்போது, அவள் பட்டைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தின்றுகொண்டிருப்பாள். பலகை மிச்சமிருந்தது. அதை என்ன செய்தான்? ஞாபகமில்லை. இல்லை, ஞாபகம் இருக்கிறது. தொட்டி செய்தான், பன்றிகளுக்கு.

அவன் மட்டும்தான் இப்படி என்பதில் அப்போதெல்லாம் ஒரு நிமிர்வு இருந்தது. மற்ற தீவுக்காரர்கள் வந்த கொஞ்ச காலத்திலேயே விட்டுவிட்டார்கள். இவ்வளவு கடலைத் தாண்டிச் சாமியால் பார்க்க முடியாது என்றான் ஒருவன். சாமிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றான் பாவோவா. அவர்களைப் பார்க்கும்போது நாலிமுவுக்கு இரக்கமாக இருக்கும். யாராவது காய்ச்சலில் விழுந்தால், படகு கவிழ்ந்தால், இரகசியமாக அவனிடம் வந்து, ஏதாவது சொல்லிக் கும்பிடு அண்ணே என்பார்கள். அந்த மரியாதை அவனுக்குப் பிடித்திருந்தது. கப்பலில் மூட்டை சுமக்கிறவன், பன்றிக்குத் தவிடு வைக்கிறவன், வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாத பெயரை விட்டுவிட்டு ஜார்ஜ் என்று கூப்பிடுகிறவன், இரண்டாவது குழியைத் தோண்டுகிற நேரத்தில் மட்டும் வேறு ஆளாக இருந்தான். அந்த ஆளுக்கு விலை யார் கொடுத்தது என்று... இங்கே வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது. மண்மேட்டில் ஆவி கசிகிற இடத்தில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அப்பினான். இன்னொரு இடத்தில் கசிந்தது. அங்கேயும் அப்பினான். அந்தக் குளிர்காலத்தை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து எவ்வளவோ மூட்டைகளைச் சுமந்து பார்த்தாகிவிட்டது. கப்பல் வரவில்லை. உலர்ந்த மீன் தீர்ந்துவிட்டது. கிழங்குச் சதுப்பு உறைந்துவிட்டது. கோட்டையில் பீப்பாயில் உப்புப் பன்றி மட்டும் இருந்தது, ஆளுக்கு அளந்து போட்டார்கள். வாகேலா வயிற்றுப்பிள்ளைக்காரி, நிறைமாதம். ஒரே ஒரு தடவை கேட்டாள், வெளியே பட்டைக்கடியிலிருந்து, வாசல் வழியாக. "கொஞ்சம் கொழுப்பாவது குடு. கொழுப்பு எப்படிப் பன்னியாகும்?" ஆகும் என்றான். தின்றால் பிள்ளைக்கு ஆகாது என்றான். சொல்லும்போது அவன் குரலில் அன்புகூட இருந்தது. அவளையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறோம் என்று மனதாரத்தான் நினைத்தான். நினைத்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்து தின்றான். வாசனை வெளியே போகாமலா இருந்திருக்கும்? அவள் மரப்பட்டையின் உட்தோலைச் சுரண்டி வேகவைத்துத் தின்றாள். பிள்ளை பிறந்தது, பெண். கையகலம் இருந்தது. பால் இல்லை. அழக்கூடத் தெம்பில்லாமல், பூனைக்குட்டிபோல வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது, ஒரு நாள் திறக்கவில்லை. அவள் ஜனங்கள் இறந்தவர்களைப் படகில் வைத்து மரக்கிளையில் ஏற்றுவார்கள். அவ்வளவு சின்னப் படகை நாலிமுதான் குடைந்தான். மணைக்கட்டைபோல இருந்தது. குடைந்துகொண்டிருக்கும்போதே, உளியை நிறுத்தாமல், அவள் முகத்தைப் பார்க்காமல், கேட்டான். "ஒளிச்சுத் தின்னியா?"

அவள் பதில் சொல்லவில்லை. ஒரு முறை அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். பதில் சொல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டான். உளி ஓடியது. தின்றிருக்கிறாள். அதனால்தான். சாமி கணக்குத் தீர்த்துக்கொண்டது. இதற்கும் மேலே ஒன்று உண்டு, அதையும் பார்த்துவிட வேண்டியதுதான். அப்படி எடுத்துக்கொண்டதில் அவனுக்கு ஆறுதல் இருந்தது. துக்கத்துக்கு நடுவில் காலூன்ற ஒரு கட்டாந்தரை கிடைத்தது. தப்பு அவளுடையது, தான் சரியாக நடந்தவன், அவளை மன்னித்து வைத்துக்கொண்டிருக்கிறவன். மன்னித்தான்! இத்தனை வருஷம் அவள் பிசைந்த களியைத் தின்றுகொண்டு, ஒரே பாயில் படுத்துக்கொண்டு, உள்ளுக்குள் அவளை மன்னித்துக்கொண்டே இருந்தான். காலையில் ராஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டபோது முதலில் வந்தது கோபம், அப்புறம் எல்லார் முன்னாலும் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டார்களே என்ற அவமானம். அந்த அவமானத்தைத்தான் இவ்வளவு நேரமும் தடவிக்கொண்டிருந்தான். அது சின்னது. அதைப் பிடித்துக்கொண்டால் பெரியதைப் பார்க்காமல் இருக்கலாம். பாவோவா சிரித்தது ஒரு விஷயமா? சிரிக்காத ஒருத்தி ஆற்றில் வந்துகொண்டிருக்கிறாள்.

வந்துகொண்டுதான் இருந்தாள். ஆற்று வளைவில் படகு தெரிந்தது. எந்தப் படகையும் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவான். மேட்டில் அந்தச் சின்னப் படகை ஏற்றிய மரம் நிற்கிற இடத்துக்கு நேராக வந்ததும் துடுப்பு நின்றது. எப்போதும் நிற்கும். படகு தானாகக் கொஞ்ச தூரம் மிதந்துவிட்டு, மறுபடி துடுப்பு விழும். அவள் அங்கே என்ன சொல்வாள், ஏதாவது சொல்வாளா, அவனுக்குத் தெரியாது. துறைக்கு வர இன்னும் கொஞ்ச நேரம்தான். அங்கே கைலிமாய் இருப்பான், அந்தப் பெண் இருப்பாள், ஒரே சட்டி இருக்கும், சிரிப்பு இருக்கும். அவர்கள் சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும். ஓடிப் போகலாமா? என்ன சொல்வது? இன்றையிலிருந்து நீ உள்ளே வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்லலாம். நான் யோசித்துப் பார்த்தேன், உன்னை இப்படி மழையில் உட்காரவைப்பது சரியில்லை என்று தோன்றியது, எங்கள் சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்த வாக்கியம் தலைக்குள் எவ்வளவு அழகாக, எவ்வளவு தயாராக வந்து நின்றது! கப்பல், ராஜா, விருந்து எதுவும் வேண்டாம். எல்லாம் அவன் மனசாக, அவன் கொடுக்கிற பரிசாக இருக்கும். அவள் சந்தோஷப்படுவாள். நாளைக்கே துறையில் உண்மை தெரிந்தாலும், சேதி வருவதற்கு முன்னாலேயே என் புருஷன் கூப்பிட்டான் என்று நினைத்துக்கொள்வாள். நாலிமு அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை நாக்கில் பன்றிக்கொழுப்பின் வழவழப்பு வந்தது, அந்தக் குளிர்காலத்தினுடையது. துப்பினான். சொல்லாமலே இருந்துவிட்டால்? கைலிமாய் பொய்யன் என்று சொல்லிவிட்டால்? இந்த மண்வெட்டியை எடுத்து மீதிக் குழியையும் தோண்டிவிட்டால்? அவள் வந்து பார்க்கும்போது எப்போதும்போல இரண்டு மேடு இருக்கும், அந்தக் குழந்தை அவள் தின்றதால் செத்ததாகவே இருக்கும், அவன் நல்லவனாகவே இருப்பான். மண்வெட்டியைத் தூக்கவும் தூக்கினான். அதே நேரம் கோட்டைப் பக்கம் ஏதோ கனமாய் விழுந்த சத்தம் கேட்டு உடம்பு அப்படியே குறுகிக் குனிந்துகொண்டது. சாமி கோயிலோடு எரிந்துபோன பிறகும் பிடரி மட்டும் இன்னும் பயந்துகொண்டிருந்தது. பீப்பாய் உருட்டுகிறார்கள். நிமிர்ந்தான். மண்வெட்டியைத் தூரப் போட்டான், கைக்கு எட்டாத தூரத்தில்.

வாகேலா மேடேறி வந்தாள். கூடையின் வார் நெற்றியில் அழுந்தியிருந்தது, கால்விரல்களுக்கிடையில் சேறு காய்ந்திருந்தது. கூடையை இறக்காமல் மண்மேட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இரண்டு வெட்டோடு நின்றுபோன மண்ணைப் பார்த்தாள்.

"ஏன் ஒண்ணுதான் இருக்கு? உடம்பு சரியில்லையா?"

நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"சரி, விடு. எனக்குக் கெழங்கத் தண்ணியில போட்டு வேகவச்சுக்கிறேன்."

"வாகேலா." அழகான வாக்கியம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினான். "எங்க ஊர் ராஜா பொம்பளைங்க பந்தியில உக்காந்து சாப்பிட்டாராம். கப்பல்காரன் சொன்னான். பன்னி, வாழப்பழம் எல்லாம் அவங்களும் தின்னாங்களாம்."

அவள் வாரை நெற்றியிலிருந்து கழற்றிக் கூடையை இறக்கினாள். "செத்துப்போனாங்களா?"

"இல்ல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்ல."

கிழங்குகளை எடுத்துச் சேற்றைத் தேய்த்துவிட்டு ஒவ்வொன்றாக, மிச்சம் கிடந்த பெரணிமேல் வைக்க ஆரம்பித்தாள். பெரியவை ஒரு பக்கம், சிறியவை ஒரு பக்கம். அவள் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"ராஜாவ யாரு சாப்பிடச் சொன்னா? சாமியா?"

"தெரியல. அவராத்தான் போய் உக்காந்தாராம்."

"அப்ப, எப்ப வேணும்னாலும் அவரால உக்காந்திருக்க முடியும்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

நாலிமு குனிந்து, ஆவி கசிந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண்ணை அப்பினான்.

"நீ படகு குடையறப்ப என்கிட்ட ஒண்ணு கேட்ட" என்றாள் அவள். "நான் பதில் சொல்லல."

"ஆமா."

"நான் தின்னல."

ஒரு கிழங்கைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தின்னிருக்கணும்."

அழுதிருந்தால், கிழங்கை எடுத்து முகத்தில் எறிந்திருந்தால் அவனால் ஏதாவது செய்ய முடிந்திருக்கும். குழியைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதால், போய் மண்ணை விலக்கினான். பாயைத் தூக்கியதும் ஆவி இருவருக்கும் நடுவில் எழும்பி அவளை மறைத்தது, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவனால் மூச்சுவிட முடிந்தது. இறைச்சி எலும்பிலிருந்து தானே கழன்றது. இரண்டு இலையில் பங்கு வைத்தான், கொழுப்பான பக்கத்தை அவள் இலையில். வாசற்படியில் நின்று, "உள்ள வா" என்றான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தினமும் படுத்து எழுகிற வீடுதான், ஆனால் பார்க்காத இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தன் இலையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சுவரைச் சுற்றிப் போய்ப் பட்டைக்கடியில் குந்தி உட்கார்ந்தாள்.

"எனக்கு இங்கதான் பழக்கம்."

அவன் தன் இலையோடு உள்ளே நின்றான். பாய் விரித்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகவில்லை. இத்தனை வருஷம் தனியாக உட்கார்ந்து தின்ற இடத்தில் இன்று உட்காரக் கால் மடங்கவில்லை. வெளியே வந்து சுவரைச் சுற்றிப் போனான். அந்த ஒதுங்கலில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அவள் நகரவில்லை, அவனும் நகரச் சொல்லவில்லை. எதிரில், தொங்குகிற பட்டையின் நீர் சொட்டுகிற இடத்துக்கு இப்பால், மழையிலேயே உட்கார்ந்தான். இலை உடனே நனைந்தது.

வாகேலா இறைச்சியில் ஒரு துண்டைப் பிய்த்தாள். கொழுப்பு விரலில் வழிந்தது. முகர்ந்து பார்த்தாள். வாயில் போட்டு மெதுவாக, ஏதோ ஒன்றை மொத்தமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல மென்றாள். நாலிமு தன் இலையைத் தொடாமல் அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுங்கிவிட்டு அவனைப் பார்த்தாள். உளியை நிறுத்தாமல் கேட்ட அன்று பார்த்தாளே, அதே பார்வை.

"இவ்வளவுதானா?" என்றாள்.